ஊமைப் பெட்டிகள்

ஒலிபெருக்கி என்றதும் முகம் சுளிப்போர் நம் வாசகர்களில் பலர் இருப்பர். அதில் வியப்பில்லை. திருவிழாக் காலங்களில் விடியற்காலை 4 மணிக்கே தென்னை மரத்தில் கட்டிய குழாய் அலறத் தொடங்க, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயுற்றுக் கிடக்கும் முதியோரும் பட்ட பாட்டை நாமும் அறிவோம். 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளை இயற்றி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி முழங்குவதற்கு வரம்பு கட்டியபோது, மனத்துக்குள் நன்றி சொன்னவர்களில் பங்குக் குருக்களும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம், சென்னையிலுள்ள ஒரு கிறிஸ்தவச் சபையைப் பற்றிய வழக்கிலேயே, பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியாகச் செபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்புக் கூறிற்று. அத்தீர்ப்பை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். ஆயினும் குற்றம் கருவியுடையதன்று. அதைத் திருகியவரின் விரலுடையது. இன்று அந்தக் கருவிக்காக ஒரு வார்த்தை பேச முன்வந்திருக்கிறோம். அதிலும் புதியவற்றுக்காக அன்று. பரணிலும் சாமான் அறையிலும் தூசி படிந்து கிடக்கும் பழையவற்றுக்காக.

நமது பங்கு இல்லத்தின் சாமான் அறையில், கிறிஸ்துமஸ் குடிலின் கிழிந்த தட்டிகளுக்கும் கை ஒடிந்த சுரூபங்களுக்கும் பின்னால், இரண்டு மரப் பெட்டிகள் இருந்தன. இடுப்பளவு உயரம், முன்புறம் பழுப்புநிறத் துணி. 1970-களில் இக்கடற்கரைப் பங்கில் உழைத்து, இம்மண்ணிலேயே அடக்கமான மேல்நாட்டு மறைபரப்புக் குரு ஒருவர் விட்டுச் சென்றவை. மாலை வேளைகளில் அவர் இசைத்தட்டு வைத்துக் கேட்பார் என்றும், சன்னலுக்கு வெளியே நின்று தாங்களும் கேட்டதாகவும் இன்று பாட்டிமாராகிவிட்ட சிலர் சொல்கின்றனர். நாம் அவற்றை வெளியே எடுத்து, துடைத்து, இணைத்துப் பார்த்தபோது ஒன்று வாய் திறக்கவில்லை; மற்றது சளி பிடித்த காகம் போலக் கரகரத்தது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் நம் சமையற்காரர். காந்தம் கனமாக இருப்பதால் நல்ல விலை கிடைக்குமாம்.

இந்தக் கருவியின் அமைப்பு எவ்வளவு எளிது என்பதை அறிந்தால், எடைக்குப் போட யாருக்கும் மனம் வராது. ஒரு வலிய காந்தம். அதன் நடுவே வட்ட வடிவில், ஒரு மில்லிமீட்டர் அளவேயான குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எதையும் தொடாமல் மிதக்கும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது கூம்பு முன்னே வருகிறது. திசை மாறினால் பின்னே செல்கிறது. நொடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ இவ்வாறு அசைந்து காற்றைத் தள்ளுவதையே நாம் குரல் என்றும் வீணை என்றும் கேட்கிறோம். டென்மார்க்கில் பிறந்த ஜென்சன் என்பவரும் அமெரிக்கரான பிரிதம் என்பவரும் இத்தகைய சுருளுடன் ஒரு கூம்புக் குழலை இணைத்து, 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பெருங்கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தனர். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நாளில் அக்கருவி மக்கள் முன் வந்தது நமக்கு இனிய செய்தியே. குழல் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே அடங்கும் காகிதக் கூம்பு ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925-இல் விளக்கி வெளியிட்டனர். நூறு ஆண்டுகள் ஆகியும் இன்றைய கடைகளில் விற்பவற்றிற் பெரும்பாலானவை அந்த அமைப்பின் பேரப்பிள்ளைகளே.

ஆகவே பழைய ஒலிபெருக்கி செத்துப் போவதில்லை. அதன் காந்தம் எளிதில் வலுவிழப்பதில்லை. செம்புச் சுருளும் அறுபடாதவரை அப்படியே இருக்கும். மாண்டு போவது ஒன்று உண்டு. கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு சேர்க்கும் மென்மையான வளையம். 1970-களில் பல மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் அதனைப் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் செய்தன. புதிதாக இருக்கையில் பூப்போல வளையும். ஆனால் காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக அறுக்கும். 15, 20 ஆண்டுகளில், உபயோகித்தாலும் பெட்டியில் பூட்டி வைத்தாலும், அது பழைய மைசூர்பாகு போல உதிரும். கடலோரப் பங்கில் கேட்கவா வேண்டும்? நம் பெட்டிகளின் துணியை அகற்றியபோது வளையம் இருந்த இடத்தில் கறுத்த பிசின் மட்டுமே எஞ்சியிருந்தது. பிடிமானம் இழந்த கூம்பு சாய்ந்து, சுருள் காந்தத்தில் உராய்ந்ததே அந்தக் காக்கைக் குரலுக்குக் காரணம். நம் நாட்டில் அக்காலத்தில் செய்யப்பட்ட எளிய ஒலிபெருக்கிகள் பலவற்றில் விளிம்பும் காகிதமாகவோ துணியாகவோ இருந்தமையால், அவை இன்றும் தேநீர்க் கடைகளில் பாடிக் கொண்டிருக்கின்றன. விலை உயர்ந்தது முதலில் உதிர்ந்தது, மலிவானது நிலைத்தது.

இவையெல்லாம் குருமடத்தில் கற்பித்தவை அல்ல. நமக்கு ஆசிரியராக வாய்த்தவர், ஊரார் 'ரேடியோ அண்ணாச்சி' என்று அழைக்கும் எழுபது கடந்த பெரியவர். நாற்பது ஆண்டுகள் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். சுற்றுவட்டாரத்துத் திருவிழா, திருமணம், மஞ்சள் நீராட்டு, தேர்தல் கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய்கள்தாம் முழங்கும். கூம்புக் குழாய்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆளுயரப் பெட்டிகளோடு வேன்களில் வரும் இளைஞர் கூட்டம் வந்தது. அவர் தொழில் ஓய்ந்தது. ஆண்டுக் கணக்காகக் குழாய்களின் அருகிலேயே நின்றதால் செவியும் பாதி ஓய்ந்தது. உரக்கப் பேசினால் கேட்கும். கீச்சென்ற மேல் ஒலிகள் அவருக்கு அறவே எட்டுவதில்லை.

அண்ணாச்சி ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருவார். ஆனால் கோவிலுக்குள் கால் வைக்க மாட்டார். வெளி முகப்பின் கீழ், செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகில் நிற்பார். நற்கருணை வாங்க மட்டும் உள்ளே வந்து திரும்பிவிடுவார். இப்பங்கிற்கு வந்த நாள்முதல் இதனைக் கவனித்து வந்த நாம், காரணத்தைப் பலரிடம் விசாரித்தோம். யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நாம் பெட்டிகளைக் காட்டி உதவி கேட்டபோதும் முதலில் தயங்கினார். "எனக்குக் காது போச்சே சாமி. இந்த வேலைக்குக் காதுள்ள ஆளைக் கூப்பிடுங்க" என்றார். "கேட்பதற்கு நாம் இருக்கிறோம் அண்ணாச்சி, சொல்லிக் கொடுக்க நீங்கள் வாருங்கள்" என்றோம். மறுநாள் மாலை, துணிப் பையில் தம் பழைய ஆயுதங்களோடு வந்து சேர்ந்தார்.

அந்த ஒரு மாத மாலைகளை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. பழைய பிசினை ஸ்பிரிட்டில் நனைத்த துணியாலும் மழுங்கிய கத்தியாலும் சுரண்டி எடுக்கவே மூன்று மாலைகள் ஆயின. அவசரப்பட்டால் காகிதக் கூம்பு கிழியும். ஓரிடத்தில் முன்பே இருந்த சிறு கிழிசலை, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் நீர் கலந்த வெள்ளைப் பசை தடவி இருபுறமும் ஒட்டி மறைத்தார். புதிய நுரை வளையங்கள் இப்போது அளவுக்கேற்பத் தபாலில் கிடைக்கின்றன. இரண்டு பெட்டிக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் வித்தை இருக்கிறது. கூம்பின் நடுவே உள்ள குமிழ் மூடியைப் பிளேடால் வட்டமாக அறுத்துத் திறந்தார். உள்ளே சுருளுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே நான்கு திசையிலும் நான்கு சிறு பட்டைகளைச் செருகினார். அந்தப் பட்டைகள் எவை என்று நினைக்கிறீர்கள்? பழைய எக்ஸ்ரே படத்தை நறுக்கியவை. யாருடைய நெஞ்செலும்போ இசைக்கு ஆப்பு வைத்தது! அப்பட்டைகள் சுருளைச் சரியான நடுவில் பிடித்துக்கொள்ள, அந்நிலையில் வளையத்தை ஒட்டி, 24 மணி நேரம் உலர விட்டு, பின்பு பட்டைகளை உருவி, குமிழை மீண்டும் ஒட்ட வேண்டும். ஒரு காகிதத் தடிப்பளவு சாய்ந்தாலும் உராய்வு வரும்.

உராய்கிறதா என்று சோதிப்பது எப்படி? இரு கட்டை விரல்களையும் கூம்பின் இரு பக்கமும் வைத்து மெல்ல அழுத்தி விட வேண்டும்; காதை அருகில் வைத்தால் 'சர்' என்ற ஓசை தெரியும். நாம் காதை வைத்துக் கேட்டு, ஓசை இல்லை என்றோம். அண்ணாச்சி கண்ணை மூடி விரலால் அழுத்தினார். "இருக்கு சாமி. மேக்காமப் பக்கம் லேசாத் தட்டுது" என்றார். மீண்டும் காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்ட பிறகே நமக்கு அது புலனாயிற்று. செவி கைவிட்ட வேலையை விரல் நுனி ஏற்றுக்கொண்டிருந்தது.

இதே வேலையை வீட்டில் செய்ய விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய ஒலிபெருக்கிகள் சிலவற்றில் காந்தம் அல்னிகோ என்னும் கலவையால் ஆனது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றோடு இரும்பும் சேர்ந்தது அது. 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டு ஷாபா மாநிலத்தில் மூண்ட போரால் கோபால்ட் விலை ஏறவே, பெரும்பாலான தொழிற்சாலைகள் வேறு காந்தத்துக்கு மாறின. ஆகவே அல்னிகோ உள்ளது கிடைத்தால் பேணுங்கள். அதைச் சட்டத்தினின்று கழற்றிப் பிரித்தால் காந்த வலு குன்றிவிடும். இரண்டாவது, சிறிய ஒலிபெருக்கிக்கு மேல் ஒலிகளை மட்டும் பிரித்தனுப்பும் கண்டென்சர். முப்பது நாற்பது ஆண்டுகளில் அதனுள் உள்ள திரவம் வற்றிப் போகிறது. அதே அளவுள்ள, முனை வேறுபாடு இல்லாத வகையையே வாங்கி மாற்ற வேண்டும்; வானொலியில் போடும் நேர் எதிர் முனையுள்ள வகை இதற்கு ஆகாது. கண்டென்சரை மாற்றிய பிறகு மேல் ஒலி வருகிறதா என்று அறிய, அண்ணாச்சி நம்மையும் நம்பவில்லை. ஐம்பதைத் தாண்டிய காதும் மேல் ஒலிகளைச் சிறிது இழந்திருக்கும் என்பது அவர் கணக்கு. ஏழாம் வகுப்புப் படிக்கும் பீடச் சிறுவன் ஒருவனை அழைத்து நிறுத்தி, "ஏல, சலங்கைச் சத்தம் தெரியுதா?" என்று கேட்டு, அவன் தலையை ஆட்டிய பின்பே பெட்டியை மூடினார்.

கடைசியாக ஒரு சோதனை மீதமிருந்தது. கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும் மற்றதை மற்றதிலும் கணப்பொழுது தொடுவது. கூம்பு முன்னே குதித்தால் இணைப்புச் சரி. பின்னே இழுத்தால் தலைகீழ். இரண்டு பெட்டிகளில் ஒன்று தலைகீழாக இருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் இழுக்கும் குடும்பம் போலத்தான் என்று நாம் நகைத்தோம். அண்ணாச்சி நகைக்கவில்லை. பேட்டரியைக் கையில் வைத்தபடியே, "கோயில்ல இடது பக்கத்துத் தூண் பெட்டியை ஒருக்கா இப்படித் தொட்டுப் பாக்கணும்னு எட்டு வருசமாச் சொல்லுதேன். யாரும் இறக்க விடல" என்றார்.

அதன் பிறகே விவரம் முழுதும் வெளிவந்தது. நம் கோவிலின் இருபுறச் சுவரிலும் உள்ள நீண்ட தூண் ஒலிபெருக்கிகளை 1986-இல் பொருத்தியவர் அவரே. ஒவ்வொன்றிலும் நான்கு கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவ்வாறு அடுக்கினால் ஒலி பக்கவாட்டில் விரியும். மேலும் கீழும் சிதறாது. குவிமாடம் கொண்ட, எதிரொலி மிகுந்த கோவில்களுக்கு இதனினும் ஏற்றது இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கண் சிகிச்சைக்காக மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, திருவிழா நாளில் இடப்புறத் தூணில் இரண்டு கூம்புகள் எரிந்தன. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மாற்றிக் கொடுத்துப் போனார். அன்று முதல் இடப்புறம் அமரும் பெண்கள், வாசகமும் மறையுரையும் விளங்கவில்லை என்று முறையிட்டனர். ஒலியைக் கூட்டினால் ஊளை கிளம்பியது. வலப்புறம் அமர்ந்திருந்த பேரவை உறுப்பினர்களுக்கு அவ்வளவாகக் குறை தெரியவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். திரும்பி வந்த அண்ணாச்சி, பெட்டியை இறக்கித் திறந்து பார்க்கவேண்டும் என்றார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "உமக்கே காது கேட்காது, நீர் என்னத்தைப் பார்ப்பீர்?" என்றாராம். பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. அண்ணாச்சி முகப்புக்குப் போனார்.

நாம் இதனைக் கேட்டபோது, ஒன்றரை லட்ச ரூபாயில் புதிய ஒலி அமைப்பு வாங்கப் பேரவை ஏற்கனவே தீர்மானித்து, வீடு வீடாக வசூலும் தொடங்கியிருந்தது. மீன்பாடு குறைந்த ஆண்டு அது. சில வீடுகளில் பணத்தைக் கொடுத்த கை நடுங்கியதை நாமே கண்டிருந்தோம்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன், இடப்புறத் தூணை இறக்கிக் கூட்ட அறை மேசைமேல் கிடத்தச் சொன்னோம். உறுப்பினர் அனைவர் முன்னிலையிலும் அண்ணாச்சி பின்பலகையைக் கழற்றினார். உட்புறம் பென்சிலால் அவர் எழுதிய 1986-ஆம் ஆண்டுத் தேதி அழியாமல் இருந்தது. அவர் பொருத்தும் ஒவ்வொரு ஒலிபெருக்கியின் நேர்முனையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். நான்கில் இரண்டில் பொட்டு இருந்தது; இரண்டில் இல்லை. பீடச் சிறுவன் கையில் பேட்டரியைக் கொடுத்துத் தொடச் சொன்னார். பொட்டு வைத்த இரண்டு கூம்புகளும் முன்னே குதித்தன. பொட்டில்லாத இரண்டும் உள்ளே இழுத்தன. இரண்டாம் முறை, மூன்றாம் முறை தொட்டபோதும் அப்படியே. எட்டு ஆண்டுகளாக நம் கோவிலில் வாசிக்கப்பட்ட இறைவார்த்தை, பெண்கள் பகுதியை நோக்கிச் செல்லாமல் கூரைக்கும் தரைக்கும் சிதறிப் போயிருக்கிறது. நான்கு கம்பிகளைக் கழற்றி, மாற்றிப் பற்றவைத்தார். கால்மணி நேர வேலை. ஒரு விரற்கடை ஈயம்.

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அன்று அவரைக் கடிந்து பேசியவர் அதே அறையில்தான் இருந்தார். அவர் எழுந்து வந்து, "அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்க காதைச் சொல்லிப் பேசிட்டேன்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அண்ணாச்சி திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே, "காது போனது நெசந்தானய்யா. கை போகலியே" என்றார். நாம் இடையே ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

திருச்சபை இக்கருவியைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்தில், 1958 செப்டம்பர் 3-ஆம் நாள் வழிபாட்டுச் சடங்குகளுக்கான பேராயம் திரு இசை பற்றி வெளியிட்ட அறிவுரையில், வழிபாட்டில் இசைத்தட்டு, ஒலிநாடா முதலிய தானியங்கிக் கருவிகளை விலக்கியது. ஆனால் குருவின் உயிருள்ள குரலைப் பெருக்குவதற்கு ஒலிபெருக்கியை அனுமதித்தது. அந்த வேறுபாட்டைக் குருமடத்தில் படித்தபோது அது வெறும் ஒழுங்குமுறை என்றே தோன்றிற்று. உயிருள்ள குரலுக்கு மட்டுமே அனுமதி என்றால், அக்குரல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் காதுக்கு உயிரோடு போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் குருவின் கடமைதானே! நம் மொழியில் 'உயிர்' எழுத்துக்கள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியிலும், க, ச, த போன்ற 'மெய்'களை அடையாளம் காட்டும் ஓசைகள் நொடிக்கு 2000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியிலும் இருக்கின்றன. மெய் கெட்டால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. சத்தத்தைக் கூட்டுவது அதற்கு மருந்தன்று. இது தெரியாமல்தான் பல கோவில்களில் பணத்தைக் கொட்டுகின்றனர்.

அடுத்த ஞாயிறு முதல் வாசகம் முடிந்ததும், இடப்புறத்தில் நாலாம் வரிசை மூதாட்டி ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் "இன்னைக்கு வாசிச்சது யாரு, புதுப் பிள்ளையா?" என்று கேட்டதாகப் பிறகு அறிந்தோம். ஆறு ஆண்டுகளாக வாசித்து வரும் அதே ஆசிரியைதான். வசூலான தொகையை, கொடுத்தவர்களின் சம்மதம் பெற்று, ஒழுகும் பாலர் பள்ளிக் கூரைக்கு மாற்றினோம். மூன்று குடும்பங்கள் திரும்பக் கேட்டன, திருப்பிக் கொடுத்தோம்.

அண்ணாச்சி இன்னும் முகப்பின் கீழேதான் நிற்கிறார். உள்ளே வரும்படி பேரவையார் வீட்டுக்கே சென்று அழைத்தனர், நாமும் அழைத்தோம். எட்டு ஆண்டுப் பழக்கம், வெளியே காற்று வருகிறது, மேலும் தூரத்தில் நின்று கேட்டால்தான் ஒலி எப்படியிருக்கிறது என்று தெரியும் என்கிறார். முதலிரண்டு காரணங்களை நாம் நம்பவில்லை, மூன்றாவதை நம்புகிறோம். கோவிலின் ஒலிப் பொறுப்பை மட்டும் மீண்டும் ஏற்றுக்கொண்டார், பீடச் சிறுவனைத் தம் காதாக வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு.

மறைபரப்புக் குருவின் பெட்டிகளில் ஒன்று இப்போது நம் அறையில் மாலைதோறும் பாடுகிறது. மற்றதில் பெரிய ஒலிபெருக்கி பேசுகிறது, சிறியது பேசவில்லை. அதன் சுருள் மயிரிழைக் கம்பியால் ஆனது. எங்கோ உள்ளே அறுந்திருக்கிறது. அதற்கு ஈடானது பழைய கடைத்தெருவில் கிடைக்கக்கூடும் என்று அண்ணாச்சி ஒரு துண்டுத் தாளில் அளவுகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். மழை விட்டதும் மூவருமாகப் போய்த் தேடுவதாக இருக்கிறோம்.